பார்சலில் வரும் அடைமுட்டை

தூத்துக்குடியில் ஒருவர் வளர்க்கும் பெருவிடையின் வம்சம் ஈரோட்டில் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது. வளர்ந்த கோழியை அத்தனை தூரம் ஏற்றி அனுப்புவது பறவைக்கு வதை. விற்பவரிடம் குஞ்சு இல்லை. அதனால் ஒரு டஜன் முட்டை தெர்மாகோல் பெட்டியில் உமிக்கு நடுவே புதைந்து ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறது. சிறுவிடை, அசீல், கருங்கோழி, கின்னிக்கோழி, வான்கோழி என்று எல்லா முட்டைகளும் இப்போது இப்படிப் பயணம் போகின்றன. ஆனால் சொந்தக் கோழியின் முட்டையை அடை வைத்தால் பத்துக்கு எட்டு ஒன்பது பொரிக்கிற அதே வீட்டில், பார்சலில் வந்த முட்டை பாதி பொரித்தாலே நல்ல விளைச்சல் என்கிறார்கள். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

குலுக்கலில் போகிறது என்று முட்டை வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். இன்குபேட்டரில் போகிறது என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நம் நாட்டு வெயிலில் முதல் சேதம் செய்வது சூடு, இரண்டாவது நாள் கணக்கு, குலுக்கல் அதற்கும் பிறகுதான் என்பது என் முடிவு. முட்டைக்குள் நடப்பதைப் பார்த்தால் அது விளங்கும்.

கோழி இட்ட முட்டையில் உயிர் இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு நாள் முன்பே தொடங்கிவிட்டது. மஞ்சள்கரு சினைப்பையை விட்டு இறங்கியதும் கருக்கூடுகிறது. அதன்மேல் வெள்ளைக்கரு சுற்றி ஓடு மூடி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுக்கக் கோழியின் உடம்புச் சூட்டில், 41 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், கரு பிரிந்து பிரிந்து வளர்கிறது. முட்டை கூட்டில் விழும்போது மஞ்சள்கருவின் மேல் தெரியும் அந்த வெண்புள்ளியில் ஏற்கெனவே 40,000 முதல் 60,000 செல்கள் இருக்கின்றன. வெளியே வந்து முட்டை ஆறியதும் வளர்ச்சி நிற்கிறது. கரு சாகவில்லை, காத்திருக்கிறது. கோழி பத்துப் பதினைந்து நாள் முட்டையிட்டுவிட்டு ஒரே நாளில் அடையில் உட்கார்ந்தாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாக வெளிவருவது இந்தக் காத்திருப்பால்தான்.

எந்த வெப்பத்துக்குக் கீழே கரு காத்திருக்கும்? 1902-ல் சார்லஸ் எட்வர்ட்ஸ் என்பவர் அந்த எல்லையை 20, 21 டிகிரி என்று கணக்கிட்டு வெளியிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்களில் 27, 28 வரை எல்லையை உயர்த்திச் சொன்னவர்களும் உண்டு. கருவின் எல்லாப் பகுதியும் ஒரே வெப்பத்தில் விழிப்பதில்லை என்பதால் வந்த வேறுபாடு இது. நமக்கு வேண்டிய செய்தியும் இதற்குள்ளேயே இருக்கிறது. 28-க்கும் 35-க்கும் இடைப்பட்ட அரைச்சூட்டில் கரு வளரத்தான் செய்கிறது, ஆனால் ஒழுங்காக வளர்வதில்லை. ஒரு பகுதி முந்துகிறது, இன்னொன்று பிந்துகிறது. ராத்திரி குளிர்ந்து பகலில் சூடேறி மறுபடி குளிர்ந்தால், விழிப்பதும் நிற்பதுமாகக் கரு பலமிழக்கிறது. இன்குபேட்டரில் வைத்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது அடங்கிவிடும்.

இப்போது நம் ஊர் நிலவரத்தைப் பாருங்கள். அடைமுட்டையை வைக்க உகந்த வெப்பம் 15 முதல் 18 டிகிரி. சென்னையின் ஆண்டுச் சராசரியே 28-ஐ ஒட்டி இருக்கிறது. சித்திரை வைகாசியில் கரூரிலும் வேலூரிலும் வெயில் 40-ஐத் தொடும்போது தகரக் கூரை போட்ட பார்சல் ஆபீஸிலும் பஸ் டிக்கியிலும் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக் கையேடுகள் “அறை வெப்பத்தில் வையுங்கள்” என்று எழுதுகின்றன. அவர்களுடைய அறை 20 டிகிரி, நம்முடைய அறை 32. அந்த ஒரு வரியை அப்படியே பின்பற்றியதால் மட்டும் இங்கே எத்தனையோ முட்டைகள் வீணாகியிருக்கின்றன என்று உறுதியாகச் சொல்வேன். வீட்டு ஃப்ரிட்ஜும் மாற்று அல்ல. அதன் நடுத்தட்டில் இருக்கும் 4, 5 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டையை வைத்து வாயைத் துணியால் மூடும் பழைய ஏற்பாடு இரண்டையும்விட மேல். ஏசி இருக்கும் வீட்டில் ஏசி அறையின் ஒரு மூலை போதும்.

அடுத்து நாள் கணக்கு. முட்டையிட்ட முதல் ஒரு வாரம் பெரிய சேதமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிக்கும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், இரண்டு வாரம் தாண்டினால் சரிவு வேகமெடுக்கும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கரியமில வாயு வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறுகிறது. இடும்போது 7.6 அளவில் இருக்கும் பிஎச் சில நாளில் 9-ஐ எட்டுகிறது. கெட்டியான வெள்ளைக்கரு நீர்த்துப்போகிறது. மஞ்சள்கருவை இருபுறமும் பிடித்து நடுவில் நிறுத்தும் முறுக்கிய வெள்ளை இழைகளும் தளர்கின்றன. அப்படித் தளர்ந்த முட்டைக்குத்தான் பயணம் அதிகக் கெடுதல் செய்கிறது. புது முட்டை தாங்குகிற குலுக்கலைப் பழைய முட்டை தாங்காது.

இங்கே யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. நாட்டுக்கோழி பண்ணை லேயர் மாதிரி நாள் தவறாமல் முட்டையிடுவதில்லை. ஒருவரிடம் நல்ல வம்சத்தில் இரண்டே பெட்டை இருந்து, இரண்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டால், ஒரு டஜன் சேர 12 நாள் ஆகும். அனுப்பும் நாளில் முதல் முட்டைக்கு வயது 12. வழியில் ஒரு நாள், வந்து ஆற ஒரு நாள் சேர்த்தால் 14. “நேத்துதான் அனுப்பினேன், ஃப்ரெஷ் முட்டை” என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை, அவர் அனுப்பிய நாளை எண்ணுகிறார். எண்ண வேண்டியது இட்ட நாளை. ஒவ்வொரு முட்டை மேலும் இட்ட தேதியைப் பென்சிலால் குறித்து அனுப்பச் சொல்வது வாங்குகிறவரின் முதல் உரிமை. ஒரு டஜன் கேட்டு நச்சரிப்பதைவிட ஒரு வாரத்துக்குள் இட்ட ஆறு முட்டை போதும் என்று சொல்வது புத்திசாலித்தனம்.

குலுக்கலுக்கு வருவோம். முட்டையின் மழுங்கிய முனையில் காற்றறை இருக்கிறது. ஓட்டுக்கு உள்ளே இரண்டு சவ்வுகள் ஒட்டியிருக்கின்றன. முட்டை ஆறிச் சுருங்கும்போது அந்த முனையில் மட்டும் இரண்டும் பிரிந்து காற்று புகுந்து அறை உண்டாகிறது. 19, 20-ஆம் நாளில் குஞ்சு தன் முதல் மூச்சை இந்த அறைக்குள் அலகை நீட்டித்தான் இழுக்கிறது. விடாத அதிர்வில் உள்சவ்வு மேலும் பிரிந்துபோனால் காற்று இடம் மாறத் தொடங்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு முட்டையின் மழுங்கிய முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். மேலே வெளிச்சமாக ஒரு தொப்பியும் அதன் அடியில் ஒரு கோடும் தெரியும். முட்டையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கோடு ஓட்டோடு சேர்ந்து சாய்ந்தால் அறை பத்திரம். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழ் ஓடுவதுபோல் காற்று மேட்டை நோக்கி நழுவினால் சவ்வு விட்டுவிட்டது. அந்த முட்டைக்கு இன்னும் வாய்ப்பு உண்டு. ஒரே காற்றறையாக இல்லாமல் சின்னச் சின்னக் குமிழ்களாக உள்ளே சிதறி ஓடினால் பெரும்பாலும் வீண்தான்.

கட்டி அனுப்புவதில் ரகசியம் எதுவுமில்லை. கூர்முனை கீழே இருக்க வேண்டும், முட்டை பெட்டிக்குள் அசையக்கூடாது, ஒன்றையொன்று தொடக்கூடாது, பெட்டியின் சுவரைத் தொடக்கூடாது. காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, முட்டை அட்டையில் நிறுத்தி, இடைவெளியில் உமியோ மரத்தூளோ திணித்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்தால் போதும். காற்றுப் போக நாலு துளை வேண்டும். மெல்லிய விரிசல் விழுந்த முட்டையை டார்ச்சில் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். மெழுகு வைத்து அடைத்து முயல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது அழுகி வெடித்தால் பக்கத்து முட்டைகளும் போகும். டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக் கொண்டுவர ஒரு ஆள் கிடைத்தால் எந்தப் பார்சலும் அதற்கு ஈடில்லை. குளிர்ந்த பெட்டியில் ராத்திரிப் பயணம் என்றால் இன்னும் நல்லது.

பெட்டி வந்ததும் உடனே இன்குபேட்டர் மெசினில் வைக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். வைக்கக்கூடாது. மழுங்கிய முனை மேலே இருக்குமாறு முட்டை அட்டையில் நிறுத்தி, 12 முதல் 24 மணி நேரம் குளிர்ந்த இடத்தில் அசையாமல் விடவேண்டும். கலங்கிய உள்ளடக்கம் அடங்கவும் காற்றறை நிலைக்கவும் அந்த நேரம் தேவை. ஏசி அறையிலிருந்து எடுத்து நேராகச் சூட்டில் வைத்தால் முட்டை வியர்க்கும். ஓட்டின் மேல் படியும் அந்த ஈரத்தில் கிருமிகள் நீந்தி நுண்துளை வழியாக உள்ளே போகும். சில மணி நேரம் சாதாரண அறையில் வைத்துவிட்டு மெசினில் ஏற்றுவது நல்லது. எச்சம் ஒட்டியிருக்கிறது என்று கழுவுவதும் தவறு. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு காப்புப் படலம் இருக்கிறது, தண்ணீர் அதைக் கரைத்துவிடும். அதிலும் முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே சுருங்கி அழுக்கை இழுத்துக்கொள்ளும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டி எடுத்தால் போதும்.

காற்றறை நழுவும் முட்டையைத் திருப்பிப் போடலாமா கூடாதா என்பதில் வளர்ப்பவர்களிடையே தீராத வாதம் உண்டு. திருப்பாவிட்டால் மஞ்சள்கரு மேலே மிதந்து கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அடையின் முதல் வாரத்தில் திருப்புவதுதான் மிக முக்கியம். ஆனால் திருப்பினால் பிரிந்த சவ்வு மேலும் பிரியும். நான் எடுக்கும் நிலை இது. காற்றறை சரியாக இருக்கும் முட்டைகளை முதல் நாளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும். நழுவும் முட்டைகளை மட்டும் அட்டையில் நிற்கவைத்து, இரண்டு மூன்று நாள் விட்டு, பிறகு அட்டையோடு மெல்ல இடமும் வலமும் சாய்த்தால் போதும். எல்லா முட்டைக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பது நல்ல முட்டையையும் கெடுத்துவிடும்.

மெசினா, கோழியா? சிறுவிடை அடைக்குக் கெட்டிக்காரி. 21 நாளும் விடாமல் உட்காரும், அலகால் தள்ளி முட்டையை அடிக்கடி புரட்டும், எந்தத் தெர்மோஸ்டாட்டும் அவளுக்கு நிகரில்லை. பார்சல் முட்டைக்கு அவளையே நான் முதலில் சொல்வேன். சிக்கல் என்னவென்றால் பார்சல் வரும் நாளில் அடைக்கோழி தயாராக இருக்க வேண்டும். நாலு கூமுட்டையை அடியில் வைத்து அவளை உட்காரவைத்திருந்து, ராத்திரியில் மாற்றிவிடுவதே வழக்கம். சொந்த முட்டையையும் வந்த முட்டையையும் ஒரே அடையில் கலக்காதீர்கள். முட்டை எத்தனை நாள் காத்திருந்ததோ அத்தனை மணி நேரம் பொரிப்பது தள்ளிப்போகும் என்பது பொரிப்பகங்கள் கண்ட கணக்கு. 14 நாள் முட்டை அரை நாளுக்கு மேல் பிந்தும். முதலில் வந்த குஞ்சுகளோடு தாய் எழுந்துவிட்டால் பிந்தியவை ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்று அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் போட்டுவைப்பார்கள். கரியும் இரும்பும் கருவுக்கு எதுவும் செய்வதில்லை. ஆனால் இடி மழைக் காலத்தில் புழுக்கமும் ஈரமும் மாறி மாறி வரும், அந்தக் காலத்தில் அடை சரிவரவில்லை என்பதைப் பெண்கள் கவனித்திருக்கிறார்கள். கவனிப்பை நான் மதிக்கிறேன்.

மெசினில் வைப்பவர்களுக்கு: விசிறி உள்ளதில் 37.5 முதல் 37.8 டிகிரி. விசிறியில்லாத பல்புப் பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5-ஐ ஒட்டி. மீட்டரை நம்புவதற்கு முன் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மலிவு மீட்டர்களில் ஒரு டிகிரி பிழை சகஜம், கருவுக்கு அந்த ஒரு டிகிரி உயிர்ப் பிரச்சினை. ஈரப்பதத்துக்குப் புத்தகம் சொல்லும் எண் 18 நாள் வரை 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. பார்சல் முட்டைக்கு அதைவிட நம்பகமான அளவுகோல் எடை. 18-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 40 கிராம் சிறுவிடை முட்டையென்றால் 35 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். நாள்பட்ட முட்டை மெசினுக்கு வருமுன்பே கொஞ்சம் நீரை இழந்துவிட்டிருக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். நகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இதற்குப் போதும். நாகப்பட்டினத்தின் கடற்கரை ஈரத்துக்கும் தருமபுரியின் வறட்சிக்கும் ஒரே தண்ணீர்த்தட்டு ஒத்துவராது, தராசு இரண்டு ஊரிலும் உண்மையைச் சொல்லும். ஊட்டியில் வைப்பவர்களுக்கு இன்னொரு தடை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவு, நீரும் வேகமாக வெளியேறும். சமவெளிக் கோழியின் முட்டை அங்கே குறைவாகவே பொரிக்கும்.

21 நாள் முடிந்ததும் வரும் பேச்சு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

“அண்ணே, பன்னெண்டுல ஏழு வெறும் முட்டைண்ணே. சேவல் சேரவே இல்ல போல.”

“இல்ல தம்பி, இதே கோழி முட்டை இங்க அடையில பத்துக்கு ஒம்பது பொரிச்சிருக்கு. உங்க மெசின்ல சூடு ஏறியிருக்கும், பாருங்க.”

இருவரும் உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள். குழப்பத்துக்குக் காரணம் டார்ச் வெளிச்சம். வழியிலேயோ முதல் ஓரிரு நாளிலேயோ கரு இறந்த முட்டை, ஏழாம் நாள் டார்ச்சில் கருக்கூடாத முட்டை மாதிரியே தெளிவாகத் தெரியும். உடைத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். கருக்கூடாததில் வெண்புள்ளி சின்னதாக, கெட்டியாக, ஒழுங்கற்ற விளிம்போடு இருக்கும். கருக்கூடி இறந்ததில் புள்ளி அகன்று வட்டமாக, வளையம் வளையமாகத் தெரியும். ரத்த வளையம் இருந்தால் மூன்று நாலு நாள் வரை வளர்ந்து இறந்தது. பொதுவாகவே அடையில் சாவு அதிகம் நிகழ்வது முதல் நாலு நாளிலும் கடைசி மூன்று நாளிலும். முதல் குவியல் பெரிதாக இருந்தால் பயணத்தையும் சேமிப்பையும் சந்தேகிக்கலாம். நடுவில் இறந்தவை அதிகமென்றால் தாய்க்கோழியின் தீவனமும் கிருமித்தொற்றும் காரணமாக இருக்கலாம். கடைசியில் முழுக்குஞ்சாகி ஓட்டைக் கொத்தாமல் இறந்தவற்றுக்கு மெசினின் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் காற்றறை குலைந்த முட்டையிலும் குஞ்சு இப்படித்தான் இறக்கும். விற்பவர் அதே நாட்களில் இட்ட நாலு முட்டையைத் தன் வீட்டிலேயே அடை வைத்துவிட்டால் பாதிச் சண்டை தானாகத் தீரும். அங்கே நன்றாகப் பொரித்து இங்கே பொரிக்கவில்லையென்றால் சேவல்மேல் குற்றமில்லை.

முட்டையோடு நோயும் பயணிக்கிறது. புல்லோரம், மைக்கோபிளாஸ்மா இரண்டும் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே குஞ்சுக்கு இறங்குபவை. அமெரிக்காவில் 1930-களிலேயே புல்லோரத்தை ஒழிக்கத் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, மந்தையைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம்மிடையே கைமாறும் அடைமுட்டைகளுக்கு அப்படியொரு சான்றைக் கேட்கும் வழக்கம் வரவில்லை, வர வேண்டும் என்று விரும்புகிறேன். ராணிக்கெட் கிருமி ஓட்டில் ஒட்டிய எச்சத்தோடும் பெட்டியின் உமியோடும் வரும். உமியையும் அட்டையையும் எரித்துவிடுங்கள். பொரித்த குஞ்சுகளைப் பழைய மந்தையோடு உடனே கலக்காமல் தனியே வளர்த்து, 5 முதல் 7 நாளுக்குள் ராணிக்கெட் சொட்டு மருந்து போடுங்கள். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவில் வந்த பிறகு, எங்கே அது தலைகாட்டினாலும் முட்டைப் போக்குவரத்துக்குத் தடை வருகிறது. கேரளத்தில் நோய் வந்தால் நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் முட்டை வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தச் சமயத்தில் பையில் மறைத்து நாலு முட்டை கொண்டுவருவது நம் ஊர்க் கோழிகள் அத்தனைக்கும் செய்யும் துரோகம்.

அப்படியென்றால் முட்டைக்குப் பதில் குஞ்சையே அனுப்பலாமே? உலகம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. வெளிவருமுன் குஞ்சு மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்தே இரண்டு மூன்று நாள் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். இதை நம்பித்தான் அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளை ஏற்று வருகிறது. எகிப்தில் பழங்காலம் தொட்டு மண் சூளைகளில் ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள், 1749-ல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் அதை ஆராய்ந்து நூலே எழுதினார். அங்கேயும் முட்டை சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்தது, அதிகத் தூரம் போனது குஞ்சுதான்.

வருமானத்துக்காகக் கோழி வளர்க்கும் குடும்பம் தூரத்து முட்டையை நம்பக்கூடாது. பக்கத்து ஊர்ப் பொரிப்பகத்தில் குஞ்சு வாங்குங்கள், அல்லது காலையில் போய் மாலைக்குள் திரும்பும் தூரத்தில் முட்டை எடுங்கள். கருங்கோழியான கடக்நாத்தின் கறிக்கு 2018-ல் ஜாபுவாவின் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மத்தியப் பிரதேசத்திலிருந்தே முட்டை வரவழைக்கும் ஆசை பலருக்கு வந்தது. ரயிலிலும் பார்சல் கிடங்கிலுமாக இரண்டு மூன்று நாள் வெந்து வரும் முட்டைக்குக் கொடுக்கும் காசில், இங்கேயே பொரித்த குஞ்சுகளை வாங்கிவிடலாம். முட்டை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலை ஒன்றே ஒன்றுதான். ஒரு வம்சம் இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் மிஞ்சியிருந்து, அதைப் பரப்பாவிட்டால் அழியும் என்கிறபோது பாதி பொரித்தாலும் லாபமே. அப்படி வாங்கும்போது மார்கழி முதல் மாசிக்குள் வாங்குங்கள். சேவலை மாற்றி மூன்று வாரமாவது ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கும் மேல் தங்கிக் கருக்கூட்டும். ஆறாறு முட்டையாக இரண்டு தவணையில், இரண்டு தனித்தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பெட்டி வெயிலில் மாட்டினாலும் இன்னொன்று வந்து சேரும்.